ஜீப்பில் வந்த தண்ணீர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஊக்கம் தருகிற மாதிரி நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஊக்கம் தர வராது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய், குடும்பங்களுக்குச் சத்தான சாப்பாடு சமைக்கக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். போகிற ஊரில் எல்லாம் 'சாப்பாட்டு டீச்சர்' என்றுதான் பெயர். அந்த வருடங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அதிகாரிகள் மேல் கொஞ்சம், ஆம்பளைகள் மேல் நிறைய, என் மேல் எல்லாவற்றையும் விட அதிகம். ஆகவே கோபத்தையே எழுதித் தருகிறேன். பிடித்தால் படியுங்கள்.

உங்கள் பயிற்சிப் புத்தகத்தின் அட்டையைப் பாருங்கள். அப்பா கேரட் நறுக்குகிறார், அம்மா சட்டியைக் கிண்டுகிறார், பையன் தட்டு எடுத்து வைக்கிறான், பாப்பா தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நாலு பேரும் சிரிக்கிறார்கள். 'குடும்பமாகச் சமைப்போம், நலமாக வாழ்வோம்' என்று கீழே போட்டிருக்கிறது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வீட்டுக்குள் நான் கால் வைத்ததே இல்லை. நான் பார்த்த வீடுகளில் ஒருத்தி சமைப்பாள், மற்றவர்கள் குறை சொல்வார்கள். நாங்கள் போய் அந்தக் குறை சொல்கிறவர்களோடு சேர்ந்துகொள்வோம். அப்படி நான் சேர்ந்துகொண்ட ஒரு கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்னால் நடந்தது. ஆர்.எஸ்.மங்கலத்துக்குக் கிழக்கே, ஒரு நாளைக்கு மூன்று முறை பஸ் வருகிற ஒரு ஊர். நெல் விவசாயம்தான். கண்மாய் நிறைந்தால் விளையும், இல்லாவிட்டால் ஆம்பளைகள் வெளியூருக்குக் கொத்து வேலைக்குப் போவார்கள். அந்த ஊரில் மாதம் ஒரு முறை சமையல் செய்து காட்டுவது என் பொறுப்பு. எங்கள் ஜீப்பில் இரட்டை அடுப்பு, சிலிண்டர், தேய்த்துப் பளபளவென்று வைத்த பாத்திரங்கள், அலுவலகத்திலேயே கழுவி நறுக்கிய கீரை, அப்புறம் இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. ஊர்த் தண்ணீரைக் குடித்து எங்கள் ஆட்களுக்கு வயிறு கெட்டுவிடக் கூடாது என்று டவுனில் வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிற கேன். குடிக்க வாங்கியதிலேயே சமைத்தும் விடுவோம். கை எட்டுகிற தூரத்தில் கேன் இருக்கும்போது கேணிக்கு யார் போவார்கள்?

குடும்பத்தோடு வரவும் என்று நோட்டீஸ் ஒட்டுவோம். வருவது பெண்கள் மட்டும்தான். ஆம்பளைகள் சமுதாயக்கூடத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, நாங்கள் சுண்டல் கொடுக்கிற நேரத்தில் மட்டும் எட்டிப் பார்ப்பார்கள்.

அந்த ஊரில் நான் முதலில் கண்டுபிடித்த பெரிய குற்றம், பருப்பு வேகும்போது பெண்கள் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுகிறார்கள் என்பது. விடுவேனா? சோடா போட்டால் பருப்பில் உள்ள சத்து வீணாகிறது, கீரையின் சத்து வீணாகிறது என்று படம் வரைந்து விளக்கினேன். இனி போட மாட்டோம் என்று கை தூக்கச் சொன்னேன். எல்லோரும் தூக்கினார்கள். 'சோடா பயன்பாடு முற்றிலும் நிறுத்தம்' என்று அறிக்கையில் எழுதினேன். அதற்கு மேலிடத்திலிருந்து பாராட்டுகூட வந்தது. அவர்கள் ஏன் சோடா போட்டார்கள் என்று ஒருத்தியிடமும் நான் கேட்கவில்லை. பாராட்டு அனுப்பியவர்களும் கேட்கவில்லை.

பாண்டிச்செல்வி அந்தக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவள். இருபத்துநாலு வயது இருக்கும். வயக்காட்டு வேலைக்குப் போகிறவள். முதல் குழந்தைக்கு மூன்று வயது. அந்தப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய், உயிர் பிழைத்ததே பெரிய காரியம் என்று ஊர் நர்சம்மா சொல்லியிருந்தார். இப்போது இரண்டாவது பிள்ளை, ஏழாவது மாதம். பரிசோதனையில் ரத்தம் ரொம்பக் குறைவு. இந்த நிலையில் பிரசவத்துக்குப் போய், போன தடவை மாதிரி ஆகிவிட்டால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரையோடு, தினமும் பருப்பும் கீரையும் சாப்பிட வைப்பது உங்கள் வேலை என்று நர்சம்மா அவளை என்னிடம் ஒப்படைத்தார்.

நான் முருங்கைக்கீரைப் பருப்புக் கூட்டு செய்து காட்டினேன். முப்பது நிமிடத்தில் பருப்பு மலர்ந்து குழைந்துவிட்டது. எல்லோரும் ருசித்துப் பார்த்தார்கள். அடுத்த மாதம் போய், "செல்வி, தினமும் செய்றியா?" என்று கேட்டேன்.

"செய்றேன் டீச்சர். ஆனா உங்க சட்டியில வேகுறாப்புல எங்க வீட்டுச் சட்டியில வேக மாட்டேங்குது."

"எவ்வளவு நேரம் வைக்கிறே?"

"ரெண்டு மணி நேரம் எரிச்சுப் பாத்துட்டேன். கல்லு மாதிரி கெடக்கு. பய துப்பிடுறான். அவுகளும் தட்டத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சிர்றாக. அதனால ரசத்த வச்சுக் குடுத்துடுறேன்."

"உப்பையும் புளியையும் முதல்லயே போட்டிருப்பே."

"இல்ல டீச்சர்."

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் முப்பது பெண்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கற்றுக்கொடுக்கிறவளின் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே, பாழாய்ப் போனது! "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சட்டி மேல பழியப் போடாதத்தா. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு இம்புட்டுச் சோம்பல் ஆகாது" என்றேன். கூடம் கொல்லென்று சிரித்தது. கதவோரம் சுண்டலுக்கு வந்து நின்ற ஆம்பளைகளும் சிரித்தார்கள். பாண்டிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

அதோடு விட்டேனா? எங்கள் மாத அறிக்கையில் 'ஒத்துழைப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அவள் பெயருக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். ஒரு பெண்ணின் சமையலறையை எட்டிக்கூடப் பார்க்காமல், மேசையில் உட்கார்ந்து, நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

அன்று சிரித்தவர்களில் ஒருவன் போய் அவள் புருஷன் முனியசாமியிடம், உன் பெண்டாட்டிக்குப் பருப்பு வேகவைக்கத் தெரியவில்லை என்று டீச்சரே சொல்லிவிட்டார் என்று பற்றவைத்திருக்கிறான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஜீப் பழுதாகிக் கிடந்தது. மாவட்டத்திலிருந்து அதிகாரி ஒருவர் அந்த ஊருக்கு வந்து, கணவனும் மனைவியும் சேர்ந்து சமைக்கிற விழா ஒன்றை நடத்தப் போகிறார், ஜோடிகளின் பெயரை எழுதி வாருங்கள் என்று உத்தரவு. அதனால் பஸ்ஸில் போனேன். பகல் பதினொன்றரை மணிக்கு இறங்கி நடந்தேன். உச்சி வெயில். சாலையோரம் சீமைக்கருவேல மரத்தின் அரைகுறை நிழலில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆறு குடம் ஏற்றிய தள்ளுவண்டி. கிட்டப் போனால் பாண்டிச்செல்வி. எட்டு மாத வயிறு. உதடு வெளுத்துப் போயிருந்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"என்னத்தா, இங்கன உக்காந்திருக்கே?"

"கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு டீச்சர். செத்த நேரம் உக்காந்தா சரியாப் போகும்."

"தெருவுலதான் குழாய் இருக்குல்ல, கேணி இருக்குல்ல. எதுக்கு இம்புட்டுத் தூரம்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. இது ஒரு கேள்வியா என்பது போலப் பார்த்தாள்.

"குழாயில பத்து நாளைக்கு ஒருக்கா வரும், அது குடிக்கத்தான் காணும். கேணியில உப்புத் தண்ணி. அதுல சோறு வடிச்சா மஞ்சளா வரும், பருப்பு வேகவே வேகாது. ஊருணியிலதான் நல்ல தண்ணி. முன்னயெல்லாம் கேணித் தண்ணியிலேயே ஒரு சிட்டிகை சோடாவப் போட்டு வேகவச்சிருவோம். நீங்கதான் போடக்கூடாதுன்டீக. அன்னிக்குக் கூட்டத்துல எல்லாரும் சிரிச்சாகள்ல, அன்னையிலருந்து பருப்புக்குன்னு தனியா ஒரு நடை ஊருணிக்கு வாரேன்."

ரத்தம் ஊற வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொடுத்த பருப்பு, ரத்தமில்லாத ஒரு எட்டு மாதக்காரியைத் தினமும் ஒன்றரைக் கிலோமீட்டர் போக, ஒன்றரைக் கிலோமீட்டர் வர, வண்டி தள்ள வைத்திருக்கிறது. பருப்பும் கீரையும் மட்டும் ரத்தத்தை ஏற்றிவிடாது. மாத்திரை வேண்டும், ஓய்வு வேண்டும். மாத்திரை கொடுத்தது நர்சம்மா. ஓய்வைப் பிடுங்கியது நான்.

வண்டியை நான் தள்ளினேன். நீங்களும் ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். அடுப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு தடவை தள்ள வேண்டும் என்று சட்டமே போடலாம். முன்சக்கரம் மணலில் புதைந்தது. இழுத்து எடுப்பதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப் போயிற்று. நான் வயிற்றில் எதையும் சுமக்கவில்லை.

அவள் வீட்டில் இரண்டு அடுப்புகளை மூட்டினேன். அவளை உட்காரவைத்துவிட்டு நானே விறகு வைத்தேன். ஒரு சட்டியில் கேணித் தண்ணீர், இன்னொன்றில் அவள் கொண்டுவந்த ஊருணித் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு துவரம் பருப்பு. ஊருணிச் சட்டியில் முக்கால் மணி நேரத்தில் குழைந்துவிட்டது. மற்றதில் ஒன்றரை மணி நேரம் எரித்துவிட்டு ஒரு பருப்பை எடுத்துக் கடித்தேன். நறுக்கென்றது. என் கேனில் வந்தது டவுன் தண்ணீர். முப்பது நிமிடத்தில் பருப்பை மலரவைத்தது என் கைப்பக்குவம் என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

முனியசாமி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். நல்ல வாட்டசாட்டமான ஆள். வண்டியை நிழல் பார்த்து நிறுத்திவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"ஏப்பா, இவ ரோட்டுல மயங்கி உக்காந்திருந்தா. தெரியுமா உனக்கு?"

"தண்ணி எடுக்கப் போனாளாக்கும். வெயில் சாஸ்தி டீச்சர்."

"பைக்குல ரெண்டு பக்கமும் குடத்தக் கட்டி நீ எடுத்தாந்தா என்ன?"

அவன் சிரித்தான். என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிற சிரிப்பு. "நல்லாச் சொன்னீக போங்க. வீட்டுக்கு ஆம்பள குடம் தூக்குனா ஊருக்குள்ள என்ன பேசுவாக? அது பொம்பளைக வேலைல்ல."

பெண்டாட்டி செத்தால் ஊர் என்ன பேசும் என்று கேட்க வந்த வாயை அடக்கிக்கொண்டேன். அவள் காதில் விழ வேண்டாம் என்றுதான். இனி நீ ஊருணிக்குப் போகாதே, சோடா போட்டே வேகவை, வெந்து வயிற்றுக்குள் போகிற பருப்புதான் சத்து என்று பாண்டிச்செல்வியிடம் சொன்னேன். நான் தடை போட்டதை நானே எடுத்தேன். சொல்லும்போது நாக்கு கூசியது.

"அன்னைக்கு உன்னையப் பாத்து எல்லாரையும் சிரிக்க வச்சுட்டேன். மன்னிச்சிருத்தா" என்றேன்.

அவள் பருப்பைக் கடைந்துகொண்டே சொன்னாள்: "இங்கன வந்து சொல்லி என்னத்துக்கு டீச்சர்? சிரிச்சவுக எல்லாம் அங்கனல்ல இருந்தாக."

அதிகாரி வருகிற நாள் வந்தது. சமுதாயக்கூடத்துக்கு முன்னால் பந்தல், பேனர், நாற்காலி, புகைப்படம் எடுக்க ஒரு ஆள். பத்து ஜோடிகள் என்று உத்தரவு. ஆம்பளைகளை டீக்கடையிலிருந்து கிளப்பிக் கொண்டுவர எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கரண்டியைக் கையில் வாங்கிப் படத்துக்கு நின்றார்கள். முனியசாமியும் நின்றான். பாண்டிச்செல்விக்கு மட்டும் நாற்காலி போட்டேன்.

டிரைவர் அண்ணன் வழக்கம்போலக் கேனை இறக்கப் போனார். "கேன் ஜீப்புலேயே இருக்கட்டும்ணே" என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். இத்தனை வருடம் அந்தக் கேனைத் தோளில் சுமந்தவர் அவர்தான்.

"நானும் ரொம்ப நாளா நெனச்சிருக்கேம்மா. நம்ம போறதுல முக்கால்வாசி ஊருத் தண்ணியில டீ போட்டாலே திரியும்" என்றார்.

"சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"டிரைவர் சொல்லிக் கேக்குற ஆபீசாம்மா இது?"

அன்று பத்து சட்டியிலும் தெருக்கேணித் தண்ணீரை ஊற்றவைத்தேன். பருப்பைப் போட்டோம். அடுப்பை மூட்டினோம். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. கரண்டி பிடித்திருந்த ஆம்பளைகளுக்குப் புகை கண்ணில் ஏறியது. ஒரு மணி ஆயிற்று. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அடுத்து வேறு ஊரில் நிகழ்ச்சி. படம் எடுக்கிறவர், கூட்டு ரெடியானால் ஊட்டிவிடுகிற மாதிரி ஒரு படம் எடுக்கலாம் என்றார்.

அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "என்னம்மா இது, இன்னும் வேகலை? உங்க ஜீப்ல கேன் இருக்குமே, அதை ஊத்தி குக்கர்ல வைங்க. பத்து நிமிஷத்துல முடிங்க."

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை தூரம் வந்தேன். கேனை எடுத்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். கூட்டு மணத்திருக்கும். பத்திரிகையில் படம் வந்திருக்கும். நான் சோடா போடச் சொல்லியிருந்தும், ஊர் சிரிப்புக்குப் பயந்து பாண்டிச்செல்வி மறுநாள் வண்டியைத் தள்ளியிருப்பாள், அல்லது வேகாத பருப்பைக் கொட்டிவிட்டு ரசச்சோறு தின்றிருப்பாள். எனக்குப் பயம்தான், வேறென்ன. ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது யாருக்குத்தான் பயம் வராது?

"கேன் தண்ணி இந்த ஊர்ல கெடையாது சார்" என்றேன். "இவங்க வீட்டுல எந்தத் தண்ணி இருக்கோ அதுலதான் இன்னிக்குச் சமையல்."

"விளையாடுறீங்களா? நான் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது?"

"இந்தப் பொண்ணு தினம் ரெண்டு மணி நேரம் காத்திருந்திருக்கா சார்."

இது காதில் விழுந்ததோ என்னவோ, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், ஐம்பது ஏக்கர்க்காரர், அதிகாரியைச் சமாதானப்படுத்துகிற மாதிரி எழுந்தார். "சார், இது டீச்சரம்மாவுக்குத் தெரியாம நடந்துபோச்சு. கேணித் தண்ணியில பருப்பு வேகாது சார். நம்ம கோயில் அன்னதானத்துக்கெல்லாம் ஊருணித் தண்ணிதான். நாங்கதான் டிராக்டர்ல டேங்க வச்சு எடுத்தாருவோம். ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வெண்ணெயா வெந்திரும். நம்ம பயலுகதான் சமைப்பாக. இந்தா நிக்கிறானே முனியசாமி, இவன் கைச் சாம்பாருன்னா சுத்துப்பட்டியில பேரு."

எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. தெரியும்! எல்லா ஆம்பளைக்கும் தெரியும். எந்தத் தண்ணீரில் பருப்பு வேகும், எதில் வேகாது என்று எனக்குத் தெரியாதது அத்தனை பேருக்கும் தெரியும். சாமிக்கு என்றால் டிராக்டர் போகும். குடம் தூக்கினால் இளக்காரம் இல்லை, சட்டி கிண்டினால் கேவலம் இல்லை, அது புண்ணியம். வீட்டில் பெண்டாட்டி வைத்த பருப்பு வேகவில்லை என்றால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்கள். அன்று கதவோரம் நின்று சிரித்தவர்கள் இவர்கள்தான். தெரிந்தே சிரித்திருக்கிறார்கள்.

"முனியசாமி," என்று கூப்பிட்டேன். அவன் கரண்டியோடு திரும்பினான். "அன்னதானத்துக்குத் தண்ணி யாரு எடுத்தது?"

"நாங்கதான் டீச்சர்."

"ஊரு என்ன பேசுச்சு?"

அவன் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உன் சாம்பாரச் சாப்பிட ஐந்நூறு பேரு வாராக. ரத்தமில்லாம இந்தா உக்காந்திருக்காளே, இவளுக்கு ஒரு கரண்டி ஊத்தியிருக்கியா? போன பிரசவத்துல பொழச்சது பெரும்பாடுன்னு ஊருக்கே தெரியும். இப்ப எட்டு மாசம். ஆறு குடத்தத் தள்ளிக்கிட்டு வந்து ரோட்டுல மயங்குறா. நீ பைக்க நெழல் பாத்து நிறுத்துறே. இவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பதினாறாம் நாளு சாப்பாட்டுக்காச்சும் ஊருணித் தண்ணி எடுப்பீகளா, இல்ல அதுக்கும் பொம்பளைகதான் போகணுமா?"

சபையில் சொல்லக்கூடாத சொல். தெரிந்துதான் சொன்னேன். பெண்கள் பக்கம் யாரோ 'அய்யோ' என்றார்கள். பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி கையிலிருந்த ஃபைலை மூடினார்.

நிறுத்தக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. மற்றவர்களைச் சாடிவிட்டு நான் நல்லவளாக ஜீப்பில் ஏறிவிட முடியாதே. பெண்கள் பக்கம் திரும்பினேன். "போன மாசம் இதே எடத்துல பாண்டிச்செல்விய நான் சோம்பேறின்னு சொன்னேன். நீங்க எல்லாம் சிரிச்சீக. சட்டி மேல தப்பில்ல, அவ மேல தப்பில்ல. நான் டவுன் தண்ணியில சமைச்சு உங்கள ஏமாத்தியிருக்கேன். சோடாவ நிறுத்தச் சொன்னதும் என் தப்பு. செல்வி, என்னைய மன்னிச்சிரு."

யாரும் சிரிக்கவில்லை. பாண்டிச்செல்வி முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அதிகாரி சாப்பிடாமலே கிளம்பினார். படம் எதுவும் வரவில்லை. ஒரு வாரத்தில் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'நிகழ்ச்சியின் நோக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டது' என்று இருந்தது. நோக்கம் என்ன என்று திருப்பிக் கேட்டு எழுதினேன். அதற்கு இன்று வரை பதில் இல்லை. என்னை வேறு வட்டாரத்துக்கு மாற்றியதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

மாற்றல் வந்தாலும் எனக்கு அந்த ஊர் நினைப்புத்தான். நர்சம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். டிராக்டர் டேங்கர் வாரம் இரண்டு முறை தெருவுக்கு வருகிறது என்றார். பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டதாம், நல்லது, எந்த வழியில் வந்தாலும் நல்லது. மற்ற நாளில் முனியசாமி விடியுமுன்னே, யாரும் பார்ப்பதற்குள், பைக்கில் குடம் கட்டிக் கொண்டுவருகிறானாம். பாண்டிச்செல்விக்கு ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து ஊசியும் ஏற்றினார்கள். ரத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, போதாது, வீட்டில் வைக்க வேண்டாம், முன்கூட்டியே ராமநாதபுரத்துக்குக் கூட்டிப் போகிறோம் என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் எழுதிய அந்த 'இல்லை' என்ற வார்த்தையோடு மிச்ச ஆயுளைக் கழித்திருப்பேன். இந்த முறையும் ரத்தம் போயிருக்கிறது. ஆனால் உடம்பு தாங்கியது. பெண் குழந்தை.

இரண்டு மாதம் கழித்துக் குழந்தையைப் பார்க்கப் போனேன். மத்தியான நேரம். பாண்டிச்செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் நிறம் வந்திருந்தது. அடுப்பில் சட்டி இருந்தது. முனியசாமி வாசலில் குடங்களை இறக்கி வைத்துவிட்டு, தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகத்தில் கொஞ்சம் கோபம், கொஞ்சம் வெட்கம்.

"அதான் பிரசவம் நல்லபடியா முடிஞ்சிருச்சே டீச்சர். இன்னும் எத்தன நாளைக்குத்தான் நான் தண்ணி எடுக்கணும்?"

"நீ எத்தன நாளைக்குச் சோறு திங்கப்போறே?" என்றேன்.

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்லித் தன்னைக் காப்பாற்றுவாள் என்று நினைத்தானோ என்னவோ. அவள் பிள்ளையின் தலையைத் தடவியபடி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "பருப்புப் பொங்குது பாருங்க. எந்திரிச்சுப் போய் மூடியத் தள்ளி வைங்க."

அவன் எழுந்து போனான்.